கிராண்ட் ஓல் ஆப்ரி வானொலி நிகழ்ச்சியை நாஷ்வில்லில் நேரில் பார்க்க: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து நாஷ்வில்லில் நடக்கும் ஆப்ரி, கண்ட்ரி எனும் அமெரிக்கக் கிராமிய இசைக்கான வானொலி நிகழ்ச்சி. அதற்கு டிக்கெட் எடுப்பது பெரிய காரியம் இல்லை. கையில் கார்டு இருந்தால் ஐந்து நிமிட வேலை. ஆனால் எந்த நாளுக்கு எடுப்பது, நிகழ்ச்சி எந்தக் கட்டடத்தில், யார் பாடுவார்கள், எந்த அடையாள அட்டை செல்லும், எங்கே தங்கினால் கட்டுப்படியாகும் என்பதெல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பதில்லை. ஊரிலிருந்து வந்த பெற்றோரையும் கூட்டிக்கொண்டு போவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வரலாற்றை விரிக்கப் போவதில்லை. 1925 நவம்பர் 28 அன்று டபிள்யூஎஸ்எம் வானொலியில் தொடங்கிய நிகழ்ச்சி, இன்றும் அதே வானொலியில் நேரலையாகப் போகிறது. அமெரிக்காவில் இவ்வளவு காலம் ஓடும் வானொலி நிகழ்ச்சி வேறில்லை. இப்போதைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை ஒரு கச்சேரி என்று நினைத்து டிக்கெட் வாங்கினால் ஏமாற்றமாக இருக்கும். நீங்கள் பார்க்கப் போவது ஒரு வானொலி ஒலிபரப்பு. நேரம், பாடகர் வரிசை, இடையிடையே வரும் விளம்பரம் எல்லாமே அந்தக் கணக்கில்தான் நடக்கும்.

1. காசு கட்டும் முன் ஒரு சனிக்கிழமை காதால் கேளுங்கள்

டபிள்யூஎஸ்எம் தன் இணையதளத்தில் இலவசமாக ஒலிபரப்புகிறது. வழக்கமான நிகழ்ச்சி நாஷ்வில் நேரப்படி இரவு 7 மணிக்குத் தொடங்கும். கோடையில் அது சென்னைக்கும் கொழும்புக்கும் ஞாயிறு அதிகாலை 5.30. நவம்பர் முதல் வாரம் தொடங்கி மார்ச் இரண்டாம் வாரம் வரை 6.30. சிங்கப்பூரில் காலை 8 மணி, குளிர்காலத்தில் 9. காபியோடு கேட்க வசதியான நேரம்தான்.

அமெரிக்காவில் இருப்பவர்கள் இருட்டிய பிறகு கார் வானொலியில் ஏஎம் 650 வைத்துப் பாருங்கள். அது 50,000 வாட் நிலையம். பகலில் நாஷ்வில்லைச் சுற்றித்தான் நன்றாகக் கேட்கும். இரவில் ஏஎம் அலைகள் வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி வருவதால் பல மாநிலங்கள் தாண்டியும் எடுக்கும். இரைச்சலோடு ஏறி இறங்கி வரும், அவ்வளவுதான். சில மின்சாரக் கார்களில் ஏஎம் இருக்காது, அதற்கு இணையம்தான் கதி.

கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒருவர் வருவார், இரண்டு மூன்று பாட்டுப் பாடுவார், போய்விடுவார். அடுத்தவர் வருவார். நிகழ்ச்சி அரை மணி நேரத் துண்டுகளாகப் பிரிந்திருக்கும். ஒரு துண்டுக்குள்ளேயே எண்பது வயதுக்காரரும் வருவார், நேற்று முதல் பாட்டு வெளியிட்ட பையனும் வருவான். நடுவில் பான்ஜோவும் பிடிலுமாக வாசிக்கும் ப்ளூகிராஸ் குழு, தேவாலயப் பாட்டு, ஒரு நகைச்சுவையாளர். இந்தக் கலவை உங்களுக்குப் பிடித்தால் மேற்கொண்டு படியுங்கள். பிடிக்கவில்லையென்றால் டிக்கெட் காசு மிச்சம்.

2. எந்தக் கட்டடம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்

புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான்.

நாஷ்வில் டவுன்டவுனில், பிராட்வே தெருவுக்குப் பக்கத்தில், 1892இல் தேவாலயமாகக் கட்டிய செங்கல் கட்டடம் ஒன்று இருக்கிறது. அது ரைமன் அரங்கம். ஆப்ரி 1943 முதல் 1974 வரை அங்கிருந்துதான் ஒலிபரப்பானது. பழைய புகைப்படங்களில் நீங்கள் பார்க்கும் வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் அந்தக் கட்டடத்தினுடையவை.

1974 மார்ச் 16 முதல் நிகழ்ச்சி நடப்பது ஆப்ரி ஹவுஸ் என்ற வேறு அரங்கில். டவுன்டவுனிலிருந்து ஏறக்குறைய 15 கிலோமீட்டர். ஆப்ரி மில்ஸ் என்ற பெரிய மாலுக்கு அடுத்த வளாகம். நடந்து போகக்கூடிய தூரமே இல்லை. மாலை 6.30க்கு ரைமன் வாசலில் நின்றுகொண்டு “எங்கே வரிசை?” என்று கேட்டால், வாடகைக் கார் பிடித்து நெரிசலில் போய்ச் சேர்வதற்குள் முதல் அரை மணி போய்விடும்.

குழப்பம் இதோடு முடிவதில்லை. குளிர்காலத்தில் சில வாரங்களுக்கு நிகழ்ச்சி பழைய வீடான ரைமனுக்கே திரும்பிப் போகும். எந்த வாரங்கள் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. அதனால் டிக்கெட்டில் தேதியைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், அரங்கத்தின் பெயரையும் படியுங்கள்.

இதற்கு நேர்மாறான பொறியும் உண்டு. ஆப்ரி ஹவுஸை மற்ற கச்சேரிகளுக்கும் வாடகைக்கு விடுகிறார்கள். கிறிஸ்துமஸ் காலத்தில் அங்கேயே தனி விழா நிகழ்ச்சியும் நடக்கும். இடம் அதே இடம், மேடை அதே மேடை, ஆனால் அது வானொலி நிகழ்ச்சி அல்ல. பட்டியலில் ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ என்று நிகழ்ச்சியின் பெயரே இருக்கிறதா என்று பாருங்கள். ‘ஆப்ரி ஹவுஸில்’ என்பது வெறும் இடப்பெயர்.

டவுன்டவுனில் உள்ள கண்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேம் ஓர் அருங்காட்சியகம். அந்த டிக்கெட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

3. எந்த நாள்?

செவ்வாய், வெள்ளி, சனி என்பது பொதுவான ஒழுங்கு. கூட்டம் வரும் மாதங்களில் புதன், வியாழனிலும் வைப்பார்கள். சில சனிக்கிழமைகளில் ஒரே இரவில் இரண்டு காட்சிகள் இருக்கும்.

ஒருமுறைதான் போகப் போகிறீர்கள் என்றால் என் ஓட்டு சனிக்கிழமைக்கு. ஆப்ரியின் கணக்கே சனிக்கிழமைக் கணக்குதான். 2021 அக்டோபர் 30 அன்று ஐயாயிரமாவது சனிக்கிழமை ஒலிபரப்பைக் கொண்டாடினார்கள். 2020இல் கொரோனா வந்து அரங்கத்தைப் பூட்டியபோதுகூட, காலி இருக்கைகளுக்கு முன் இரண்டு மூன்று பேர் கிதாருடன் உட்கார்ந்து பாடி, அந்த வரிசை அறுந்துபோகாமல் பார்த்துக்கொண்டார்கள்.

ஆனால் சனிக்கிழமை ஹோட்டல் வாடகை கழுத்தை நெரிக்கும். கைக்கு அடக்கமாகப் போக வேண்டும் என்றால் செவ்வாய்க்கிழமை. நிகழ்ச்சியின் தரத்தில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

தவிர்க்க வேண்டிய காலம்: ஜூன் மாதம் நான்கு நாள் நடக்கும் சிஎம்ஏ ஃபெஸ்ட் என்ற கண்ட்ரி இசைத் திருவிழா, அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை 4, புத்தாண்டு. ஊரே நிரம்பியிருக்கும். இலையுதிர் காலத்தில் டைட்டன்ஸ் அணியின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் நாஷ்வில்லில் நடக்கும் வார இறுதியா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அன்று விமானம், அறை, பார்க்கிங் எல்லாம் ஏறும். ஜனவரி மலிவு. குளிர் தாங்குமா என்பது உங்கள் பாடு.

4. டிக்கெட் வாங்குவது

ஆப்ரியின் சொந்த இணையதளத்தில் மட்டும் வாங்குங்கள். தேடுபொறியில் பெயரைத் தட்டினால் முதலில் வருபவை பெரும்பாலும் மறுவிற்பனைத் தளங்களின் விளம்பரங்கள். அரங்கத்தின் படம், நிகழ்ச்சியின் பெயர், இருக்கை வரைபடம் எல்லாம் போட்டு அசல் தளம் போலவே இருக்கும். அப்படி ஒரு தளத்தில், அதிகாரபூர்வ விலையைவிட இரண்டு மடங்குக்கு அதே வரிசை இருக்கைகள் விற்பனைக்கு இருந்ததைப் பார்த்தேன். அசல் தளத்தில் அன்றைக்கு இடம் நிறையவே காலியாக இருந்தது! ஆப்ரி ஹவுஸில் ஏறக்குறைய 4,400 இருக்கைகள். சாதாரண வாரங்களில் டிக்கெட் கிடைக்காமல் போவது அபூர்வம். பதற்றப்பட்டு மறுவிற்பனையாளரிடம் போகாதீர்கள்.

விலை: பின்வரிசை மாடி இருக்கை ஏறக்குறைய 50 டாலர், முன்வரிசை 100 டாலருக்கு மேல். புகழ்பெற்ற பெயர் வரிசையில் இருந்தால் இன்னும் ஏறும். திரையில் முதலில் தெரியும் தொகையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். சேவைக் கட்டணம் உண்டு. அதற்கு மேல் டென்னசியில் டிக்கெட்டுக்கும் விற்பனை வரி உண்டு. நாஷ்வில்லில் 2025 பிப்ரவரியிலிருந்து அது 9.75 சதவீதம். கடைசித் தொகையைப் பார்த்த பிறகுதான் மலிவா இல்லையா என்று சொல்ல முடியும்.

யாருக்காக வாங்குவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பாடகர் பட்டியல் முழுதாக ஒரே நாளில் வெளிவராது. முதலில் இரண்டு பெயர், பிறகு மூன்று, நிகழ்ச்சிக்குச் சில நாள் முன்புதான் நிரம்பும். கடைசி நேரத்தில் ஒருவர் வராமலும் போகலாம்; அதற்காகப் பணம் திரும்பாது. ஒரே ஒரு நட்சத்திரத்தைப் பார்க்க என்று வந்தால், அவர் மேடையில் இருக்கும் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குத்தான் அந்தக் காசு. அப்படிப்பட்ட தீவிர ரசிகர் என்றால் அவருடைய தனிக் கச்சேரிக்குப் போவதே மேல்.

ஆப்ரிக்கு அழகே தெரியாத பெயர்களில் இருக்கிறது என்பது என் எண்ணம். 1961இல் ஆப்ரியின் நிரந்தரப் பாடகர் பட்டியலில் உறுப்பினராகச் சேர்ந்த பில் ஆண்டர்சனும், அன்றைக்குத்தான் முதல்முறை மேடையேறும் பெண்ணும் ஒரே பட்டியலில் வருவார்கள். முதல்முறை என்று அறிவித்ததும் அரங்கம் எழுந்து நின்று கைதட்டும். பட்டியலில் ‘அறிமுகம்’ என்று ஒரு பெயருக்குப் பக்கத்தில் போட்டிருந்தால் அந்த நாளைக் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள்.

இருக்கை: தேவாலயத்து நீளப் பெஞ்சுபோல வரிசையாக இருக்கும், நடுவில் கைப்பிடி இல்லை. பக்கத்தில் அமர்பவர் யார் என்பதைப் பொறுத்து இடம் தாராளமாகவோ நெருக்கமாகவோ இருக்கும். முட்டிவலி உள்ள பெரியவர்களோடு போனால் மாடியை விட்டுவிட்டுக் கீழ்த்தளத்தில், நடைபாதை ஓரமாக எடுங்கள். இளசுகளுக்கு மாடியின் முதல் வரிசைகளே நல்லது. மேடையில் ஆட்கள் ஓடியாடுவது முழுதாகத் தெரியும்.

டிக்கெட் கைபேசியில்தான் வரும். வீட்டிலேயே கைபேசியின் வாலட்டில் சேமித்துவிடுங்கள். நாலாயிரம் பேர் வாசலில் நிற்கும்போது இணையம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

5. ஆவணங்கள்

அமெரிக்காவில் வேலை அல்லது மாணவர் விசாவில் இருப்பவர்கள்: மாநில ஓட்டுநர் உரிமம் கையில் இருக்கட்டும். விமானத்தில் வருவதாக இருந்தால் அது மத்திய அரசின் தரத்துக்கு ஏற்ற ‘ரியல் ஐடி’ வகையா என்று பாருங்கள். 2025 மே 7 முதல் உள்நாட்டு விமானத்துக்கும் அதைக் கேட்கிறார்கள். ரியல் ஐடி இல்லையென்றால் இந்தியக் கடவுச்சீட்டு போதும்.

பெற்றோர் வந்திருந்தால்: அவர்களுடைய கடவுச்சீட்டு, விசா பக்கம், அமெரிக்காவுக்குள் நுழைந்ததற்கான பதிவான ஐ-94இன் அச்சுப்பிரதி மூன்றையும் கொண்டுபோங்கள். ஆதார் அட்டை இங்கே எதற்கும் செல்லாது. ஹோட்டலில் பதிவு உங்கள் பெயரில் இருந்தால் உங்கள் அடையாள அட்டையும் கார்டும் போதும். மது வாங்கும் எண்ணம் இருந்தால் டென்னசியில் நரைத்த தலைக்கும் அட்டை கேட்பார்கள். அதில் கோபப்பட ஒன்றுமில்லை.

இந்தியாவிலிருந்து இதற்காகவே வர நினைப்பவர்கள்: சுற்றுலாவுக்கும் வணிகப் பயணத்துக்குமான பி1/பி2 விசாதான் வழி. டிஎஸ்-160 படிவம், 185 டாலர் விண்ணப்பக் கட்டணம், பிறகு நேர்காணல். விசா மறுத்தாலும் கட்டணம் திரும்பாது. நேர்காணல் தேதிக்குக் காத்திருப்பு மாதக்கணக்கில் நீளலாம். அதனால் நிகழ்ச்சி டிக்கெட்டை விசா கையில் வந்த பிறகே எடுங்கள். டிக்கெட்டைக் காட்டினால் விசா கிடைக்கும் என்று யாராவது முகவர் சொன்னால் நம்பாதீர்கள். சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ளவர்களுக்கு விசா வேண்டாம், எஸ்டா என்ற இணையவழிப் பயண அனுமதி போதும். 2025 செப்டம்பர் கடைசியிலிருந்து அதன் கட்டணம் 40 டாலர்.

6. எங்கே தங்குவது

மூன்று வழி இருக்கிறது. டவுன்டவுன்: பிராட்வே இசைக்கூடங்களுக்கு நடந்து போகலாம், ஆனால் சனிக்கிழமை 300 டாலருக்குக் கீழே நல்ல அறை கிடைப்பது அரிது, பார்க்கிங் தனி. கல்யாணத்துக்கு முன் தோழிகளோடு கொண்டாட வரும் கூட்டம் விடிய விடியக் கத்தும். பெற்றோரோடு போகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆப்ரிக்குப் பக்கத்திலேயே கேலார்ட் ஆப்ரிலேண்ட் ஹோட்டல் இருக்கிறது. ஏறக்குறைய 2,900 அறை, கண்ணாடிக் கூரைக்கு அடியில் தோட்டமும் ஓடையும். நடந்தே அரங்கத்துக்குப் போகலாம். ஆனால் அறை வாடகை என்று காட்டும் தொகைக்கு மேல் ரிசார்ட் கட்டணம், பார்க்கிங் கட்டணம், வரி என்று சேர்ந்துகொண்டே போகும். தங்காவிட்டாலும் உள்ளே நடந்து பார்க்கலாம், அதற்குக் கட்டணமில்லை.

மூன்றாவது, விமான நிலையத்தை ஒட்டிய சாதாரண ஹோட்டல்கள். பத்துப் பதினைந்து நிமிடக் கார்ப் பயணம், பார்க்கிங் பெரும்பாலும் இலவசம், காலை உணவும் சேர்ந்துவிடும். எங்களுக்கு இதுதான் சரியாக வந்தது.

7. போய்ச் சேர்வது, முக்கியமாகக் கடிகாரம்

அட்லாண்டாவிலிருந்து காரில் 400 கிலோமீட்டர், நெரிசல் இல்லையென்றால் நாலு மணி நேரம். சட்டனூகாவைத் தாண்டிய கொஞ்ச தூரத்தில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். அட்லாண்டா, சட்டனூகா, நாக்ஸ்வில் எல்லாம் கிழக்கு நேரம். நாஷ்வில் மத்திய நேரம். போகும்போது ஒரு மணி நேரம் லாபம். அட்லாண்டாவில் இருந்தபடி டிக்கெட்டைக் கைபேசி நாட்காட்டியில் ஏற்றினால் இரவு 8 மணி என்று காட்டலாம். அது தப்பில்லை, நாஷ்வில் வந்ததும் 7 ஆகிவிடும். கையால் ‘திருத்தி’ வைத்துவிடாதீர்கள்.

திரும்பும்போது அந்த ஒரு மணி நேரம் பறிபோகும். நிகழ்ச்சி முடிய ஒன்பது, ஒன்பதே கால். அப்போதே கிளம்பினாலும் அட்லாண்டா நேரப்படி வீடு சேர விடிகாலை இரண்டு மணிக்கு மேல். நடுவில் மான்டீகிள் மலை இறக்கம், பெரிய லாரிகளோடு. அன்றிரவே திரும்பலாம் என்று திட்டம் போடாதீர்கள். அறைக்காசு மிச்சம் பிடிக்க அது இடமில்லை.

விமானத்தில் வந்தால் நாஷ்வில் விமான நிலையத்திலிருந்து அரங்கம் பக்கம்தான். இந்தியாவிலிருந்து நேரடி விமானம் இல்லை. லண்டன் ஹீத்ரோவிலிருந்து நாஷ்வில்லுக்கு நேரடி விமானம் உண்டு என்பதால் சென்னையிலிருந்து ஒரே மாற்றத்தில் வரலாம்.

நகரப் பேருந்தில் டவுன்டவுனிலிருந்து ஆப்ரி மில்ஸுக்கு 34ஆம் எண் வழித்தடம். ஒரு பயணத்துக்கு 2 டாலர். போவதற்கு நல்ல வழி, வருவதற்கு இல்லை. இரவில் வண்டிகள் குறைவு. திரும்ப வாடகைக் கார்தான். நிகழ்ச்சி முடிந்த உடனே எல்லோரும் ஒரே நேரத்தில் அழைப்பதால் விலை எகிறும். கடைசிப் பாட்டு முடிந்ததும் ஓடாமல், நினைவுப்பொருள் கடையைச் சுற்றிவிட்டு இருபது நிமிடம் கழித்து அழைத்தால் விலை இறங்கியிருக்கும்.

8. சாப்பாடு

ஐந்தரைக்குள் முடித்துவிடுங்கள். பக்கத்து மாலில் எல்லாம் கிடைக்கும். தெற்கத்திச் சாப்பாடு சாப்பிட்டுப் பார்க்க ஆசைப்படும் சைவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ஓர் இறைச்சியும் மூன்று துணை உணவும் தரும் ‘மீட் அண்ட் த்ரீ’ உணவகங்களில் காய்கறி என்று தரும் பீன்ஸையும் கீரையையும் பன்றி இறைச்சித் துண்டு போட்டு வேகவைப்பது இங்கே வழக்கம். கேட்காமல் தட்டில் வாங்காதீர்கள். மக்ரோனி சீஸும் காய்கறிக் கணக்கில்தான் வரும், அதில் பயமில்லை. இட்லி தோசை வேண்டுமென்றால் ஊரின் மறுகோடிக்குப் போக வேண்டும்; அதை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெல்வியூ பகுதியில் கணேசர் கோயில் இருக்கிறது, பெற்றோர் கேட்டால் அதையும் அன்றே முடிக்கலாம்.

9. அரங்கத்துக்குள்

6 மணி வாக்கில் போய்விடுங்கள். வாசலில் பாதுகாப்புச் சோதனை உண்டு. முதுகுப்பையை அறையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். பெரிய கேமரா வேண்டாம், கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம். உள்ளே ஏசி ஓட்டம் பலம். ஆகஸ்ட் வெயிலில் போனாலும் அம்மாவுக்கு ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏழு மணி என்றால் ஏழு மணிதான். காற்றலையில் நேரம் காத்திருக்காது. திரை ஏறினால் பின்னால் சிவப்புக் களஞ்சியம் தெரியும் மேடை. ஓரத்தில் ஓர் உயரமான மேசை. அறிவிப்பாளர் அங்கேதான் நிற்பார், கையில் காகிதங்கள். பாட்டின் கடைசிச் சுரம் முடியும், கைதட்டல் இன்னும் அடங்கியிருக்காது, அதன் மேலேயே அவர் குரல் ஏறி விளம்பரத்தைப் படிக்கத் தொடங்கும். மாட்டுத் தீவனமோ பிஸ்கட் மாவோ ஏதோ ஒன்று. கண்ணை அவர் மேல் வைக்காமல் மேடையின் நடுவுக்குத் திருப்புங்கள். அந்த அரை நிமிடத்துக்குள் ஒரு குழு வயர்களைச் சுருட்டிக்கொண்டு போகும், அடுத்த குழு ஸ்டீல் கிதாரைத் தூக்கிக்கொண்டு வரும், ஒருவர் மைக்கின் உயரத்தைச் சரிசெய்வார், பாடகி தொப்பியைச் சரிசெய்துகொள்வார். அறிவிப்பாளர் பெயரைச் சொல்லி முடிக்கவும் முதல் தாளம் விழவும் சரியாக இருக்கும். எனக்குப் பாட்டைவிட இது பிடித்துப்போய்விட்டது.

“என்ன இது, நடுநடுவே விளம்பரம்?” என்று பக்கத்தில் இருப்பவர் முணுமுணுத்தால், இந்த வானொலியைத் தொடங்கியதே ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனம்தான் என்று சொல்லுங்கள். முதல் நாளிலிருந்தே பாட்டும் வியாபாரமும் ஒன்றாகத்தான் போகின்றன.

மேடையின் நடுவில், மற்றப் பலகையிலிருந்து நிறம் வேறுபட்டு, ஏறக்குறைய ஆறடி விட்டத்தில் ஒரு மரவட்டம் தெரியும். 1974இல் வீடு மாறியபோது ரைமன் மேடையிலிருந்து வெட்டியெடுத்து வந்த ஓக் மரம். முக்கிய மைக் அதில்தான் இருக்கும். அறிமுகப் பாடகர்கள் அதில் கால் வைக்கத் தயங்குவதைப் பார்ப்பீர்கள். அந்த மரத்தின் மேல் நின்று பாடியவர்களில் கண்ட்ரி இசை ஜாம்பவான் ஹாங்க் வில்லியம்ஸும் உண்டு.

நடுவில் இடைவேளை உண்டு. முழுதும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். உள்ளே வாங்குவதற்கு நோட்டு வேண்டாம், கார்டு எடுத்துப்போங்கள்.

10. மேடைக்குப் பின்னால் சுற்றிப் பார்ப்பது

இதற்குத் தனி டிக்கெட். பகல் சுற்று ஆளுக்கு ஏறக்குறைய 40 டாலர், ஒரு மணி நேரம். நிகழ்ச்சி முடிந்த பிறகு இரவில் நடக்கும் சுற்றும் உண்டு. அது விலை கூட, இடம் குறைவு, சீக்கிரம் தீர்ந்துவிடும். நிகழ்ச்சி டிக்கெட்டோடு சேர்த்தே எடுக்க வேண்டும்.

எது நல்லது? பெற்றோர் அல்லது குழந்தைகளோடு என்றால் பகல். அதிலும் நிகழ்ச்சி நாளன்று பகலில் போனால், இரவு பார்க்கப்போகும் மேடை ஏற்கெனவே பழகியிருக்கும். உறுப்பினர்களின் தபால் பெட்டிகள் வரிசையாக இருக்கும், ரசிகர் கடிதங்கள் இன்றும் வருகின்றன. ஒவ்வொரு ஒப்பனை அறைக்கும் ஒரு தனி அலங்காரம். 2010 மே வெள்ளத்தில் கம்பர்லேண்ட் ஆறு உள்ளே புகுந்தபோது மேடைக்கு மேல் 46 அங்குலம் தண்ணீர் நின்றது. அந்த அளவை அங்கே காட்டுவார்கள். மரவட்டத்தைக் கழற்றிச் சீர்செய்து, ஆகஸ்ட் கடைசியில் மறுபடி பொருத்தினார்கள். கடைசியில் அந்த வட்டத்தில் நின்று நீங்களும் படம் எடுத்துக்கொள்ளலாம். வழிகாட்டியின் கேமராவில் எடுக்கும் படத்தைத் தனிக் காசுக்கு விற்பார்கள், கட்டாயமில்லை.

ரைமனையும் பார்க்க வேண்டும் என்றால் அது இன்னொரு டிக்கெட், இன்னொரு பாதி நாள். ஒரே நாளில் இரண்டையும் திணித்தால் இரவு நிகழ்ச்சியில் தூக்கம் வரும். வெள்ளி பகல் ரைமன், சனி பகல் ஆப்ரி என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

11. செலவுக் கணக்கு

அட்லாண்டாவிலிருந்து இரண்டு பேர், சனிக்கிழமை, ஓர் இரவு தங்கல் என்று வைத்துக்கொண்டால் என் தோராயம் இது. நடுத்தர இருக்கை இரண்டு, வரி கட்டணத்தோடு 190 டாலர். விமான நிலையப் பக்கம் அறை, வரியோடு 200. பெட்ரோல் போக வர 55. சாப்பாடு 80. பகல் சுற்று 80. மொத்தம் 600 டாலர் சொச்சம். சுற்றை விட்டுவிட்டு, செவ்வாய்க்கிழமைக்கு மாற்றி, மாடி இருக்கை எடுத்தால் 400க்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிடலாம். டவுன்டவுனில் தங்கினால் 750க்கு மேல்.

கால அட்டவணை: ஹோட்டலை இரண்டு மாதத்துக்கு முன்பே, ரத்து செய்யக்கூடிய விலையில் பதிந்துவிடுங்கள். டிக்கெட்டை ஒரு மாதத்துக்கு முன் எடுத்தால் போதும், அப்போது பட்டியலில் சில பெயர்களாவது வந்திருக்கும். இரவுச் சுற்று வேண்டும் என்றால் டிக்கெட்டையும் இரண்டு மாதத்துக்கு முன்பே. கிளம்பும் வாரத்தில் மின்னஞ்சலில் நிகழ்ச்சி நேரத்தை ஒருமுறை சரிபாருங்கள். இரண்டு காட்சி உள்ள சனிக்கிழமைகளில் உங்களுடையது 7 மணிக் காட்சியா, அதற்கு அடுத்ததா என்பது அதில்தான் இருக்கும்.